சங்கீத ஆசிரியையாக வருவதற்கு என்ன வேண்டும்?

கேள்வி
எழுதியவர்: சுன்னாகம் மாணவி

எல்லோருக்கும் வணக்கம். நான் கலைப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். கர்நாடக சங்கீதம், தமிழ், இந்து நாகரிகம் ஆகியவை என் பாடங்கள். ஏழு வயதிலிருந்து வாய்ப்பாட்டுக் கற்று வருகிறேன். வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளில் ஐந்தாந் தரம் வரை சித்தியடைந்திருக்கிறேன். சங்கீத ஆசிரியையாக வரவேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். எந்த வழியாற் போவது என்பதில்தான் வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். தோட்டம் செய்யும் அப்பா, நியமனம் உறுதியாகக் கிடைக்கும் என்பதால் கல்வியியற் கல்லூரிக்குப் போகச் சொல்கிறார். என் குரு பல்கலைக்கழகத்தில் சங்கீதத்தையே பட்டப் பாடமாகக் கற்க வேண்டும் என்கிறார். அம்மாவோ வீட்டிலேயே வகுப்புத் தொடங்கினாற் போதும் என்கிறார்.

இவற்றை விடப் பெரிய தயக்கம் ஒன்றும் எனக்கு உண்டு. என் குரல் கச்சேரிக்குரிய குரல் அல்ல. மேல் ஸ்தாயியில், அதாவது உயர்ந்த ஸ்வர வரிசையில், காந்தாரத்தை (‘க’வை) தாண்டினாற் கம்மிவிடும்; நீண்ட நேரம் பாடவும் முடியாது. நன்றாகப் பாட முடியாத ஒருத்தி பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கலாமா? இப்போது அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முதற் ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசை சொல்லிக் கொடுக்கிறேன். மூத்தவள் சொன்னதை உடனே பிடித்துக்கொள்கிறாள். எட்டு வயதுத் தம்பியோ ஸ ரி க ம எல்லாவற்றையும் ஒரே ஒலியிற் பாடுகிறான். ஒரு மாதமாகியும் மாற்றமில்லை. அவனை எப்படித் திருத்துவது என்று தெரியாமல் நிற்கும்போது, இந்தத் தொழிலுக்கு நான் தகுதியானவளா என்ற ஐயமும் சேர்ந்துகொள்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாவேன்.


மறுமொழி 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை, வலிகாமம்

அன்புள்ள பிள்ளைக்கு,

முதலில் உங்கள் குரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாடசாலையிற் கற்பிக்கும் குரல் வேறு, மேடையிற் பாடும் குரல் வேறு. மேடையில் ஒருவர் இரண்டு மணித்தியாலம் பாடுவார். அதன்பின் இரண்டு நாள் ஓய்வெடுக்கலாம். பாடசாலை ஆசிரியை ஒரு நாளில் ஐந்தாறு பாடவேளைகள், வாரத்தில் ஐந்து நாட்கள், ஒரே சரளி வரிசையைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். அதற்கு மேல் ஸ்தாயிப் பஞ்சமம் தேவையில்லை. மத்திய ஸ்தாயியில் சுருதி விலகாத, தெளிவான, களைக்காத குரல் போதும். உங்களுக்கு அது இருக்கிறதா என்பதை உங்கள் குருவிடம் கேளுங்கள்.

ஆனால் அந்தக் குரலைக் காப்பாற்றத் தெரிய வேண்டும். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் முதல் நியமனம் வன்னியில் ஒரு பாடசாலைக்குக் கிடைத்தது. சங்கீதத்துக்கென்று அறை இல்லை. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே, அரைச் சுவர் மட்டும் உள்ள ஓர் இடத்தைத் தந்தார்கள். ஒரு பக்கம் கணிதம், மறுபக்கம் பெருக்கல் வாய்பாடு. அவற்றுக்கு மேலாக என் குரல் கேட்க வேண்டும் என்று ஒன்றரை வருடம் உரத்துப் பாடினேன். தொண்டையில் முடிச்சு விழுந்துவிட்டது என்று வைத்தியர் சொன்னார். ஆறு வாரம் பேசவே கூடாது என்றார். அந்த ஆறு வாரமும் கரும்பலகையில் எழுதியும், கையாற் தாளம் காட்டியும், நன்றாகப் பாடும் பிள்ளை ஒன்றை முன்னால் நிறுத்தியும் வகுப்பு நடத்தினேன். பிறகு குரல் திரும்பிய போதும் அந்த முறையை நான் முழுதாக விடவில்லை, ஏனென்றால் ஆசிரியை ஓயாமற் பாடிக்கொண்டிருந்தாற் பிள்ளைகளின் தவறு அவளுடைய காதில் விழாது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்தக் காது உங்களுக்கு இருக்கிறதா என்பதே நான் கேட்கும் கேள்வி. நாற்பது பிள்ளைகள் சேர்ந்து ஜண்டை வரிசை பாடும்போது, மூன்றாவது வாங்கில் இருக்கும் பிள்ளை நிஷாதத்தை (‘நி’யை) தாழ்த்திப் பிடிப்பதைக் கேட்க வேண்டும். அதைப் பிள்ளைக்கு உறைக்கும்படி, ஆனால் வெட்கப்படுத்தாமற் சொல்ல வேண்டும். இடக்கை தாளம் போட, வலக்கை எழுத, கண் கடைசி வாங்கைப் பார்க்க வேண்டும். இதை எந்தப் பட்டமும் முழுதாகக் கற்பித்துவிடாது. ஆனால் பழகினால் வரும்.

சுருதியைப் பற்றி ஒரு செய்தி. பயிற்சிக் காலத்திலும் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆறாம், ஏழாம் தரத்தில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டையில் ஒன்றாகப் பாடுவார்கள். (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் எண்.) எட்டாம், ஒன்பதாம் தரத்தில் ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும்; ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். அப்போதும் ஐந்து கட்டையிலேயே வைத்திருந்தால், மேலே பாட அவர்களுக்கு எட்டாது, கீழே பாட ஒலி வராது. அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், நாமோ அக்கறையில்லை என்று ஏசுவோம். மத்திய ஸ்தாயிக்குள் அடங்கும் பாடலாகத் தெரிவு செய்து, சுருதியை ஒன்றாம் கட்டைக்கு மாற்றினால், ஆண் பிள்ளைகள் கீழேயும் பெண் பிள்ளைகள் அதற்கு ஒரு ஸ்தாயி மேலேயும் சேர்ந்து பாடலாம். குரல் உடையும் அந்த வருடத்திற் சங்கீதத்தை விட்ட எத்தனையோ நல்ல பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். சிலரை நானே இழந்தேன். அது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

பாடசாலைச் சங்கீத ஆசிரியைக்குப் பாடவேளைக்கு வெளியேயும் நிறைய வேலை உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காலைப் பிரார்த்தனை, கல்லூரிக் கீதம், வாணி விழா, பரிசளிப்பு விழா, தமிழ்த் தினப் போட்டிக்கான தனியிசையும் குழுவிசையும் என்று வருடம் முழுவதும் வந்துகொண்டே இருக்கும். போட்டிக் காலத்தில் வெற்றி பெறக்கூடிய ஐந்து பிள்ளைகளுடன் மட்டும் நேரம் போய்விடும். மற்றப் பிள்ளைகளின் பாடவேளையை அதற்காக எடுக்காதீர்கள். அதிபர் கேட்டாலும் பணிவாக மறுத்து, பாடசாலை முடிந்தபின் பழக்குங்கள்.


மறுமொழி 2
எழுதியவர்: இராமநாதன் நுண்கலையின் பழைய மாணவி

தங்கைக்கு வணக்கம். ரீச்சர் வகுப்பறையைப் பற்றி எழுதிவிட்டபடியால், வழிகளைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் 1960இற் தொடங்கி, 1975இல், பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாகிய வளாகத்தோடு இணைக்கப்பட்டது. மகாராஜபுரம் சந்தானம் போன்ற பெரிய வித்துவான்கள் அதிபராக இருந்து கற்பித்த இடம் அது. இங்கே சங்கீதத்தில் நான்கு வருடப் பட்டப் படிப்பு நடக்கிறது. கிழக்கில் மட்டக்களப்புச் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் சங்கீதம் கற்கலாம். இரண்டுக்கும் உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. நுண்கலைப் பாடநெறிகளுக்குப் பல்கலைக்கழகம் தனியாக அறிவித்தல் விடுத்துச் செய்முறைப் பரீட்சை வைக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பித்துவிட்டு இந்த அறிவித்தலைக் கவனிக்காமல் விட்டு ஒரு வருடத்தை இழந்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். பெறுபேறு வரும் வரை காத்திராமல், பத்திரிகையையும் பல்கலைக்கழக இணையத்தளத்தையும் இப்போதிருந்தே பாருங்கள்.

செய்முறைப் பரீட்சையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பெரிய கிருதி ஒன்றை வேகமாகப் பாடிக் காட்டினால் இடம் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கேட்பவர்களின் கவனம் அடிப்படையிலேயே இருக்கும். வர்ணம் என்ற உருப்படியை இரண்டு காலத்திலும் (வேகத்திலும்) தாளம் பிசகாமற் பாடுகிறீர்களா, தாளப் பயிற்சிகளான அலங்காரம் ஏழையும் மனனமாகச் சொல்வீர்களா, சுருதியை விட்டு விலகினால் உங்களுக்கே தெரிகிறதா என்பவற்றை நன்றாகப் பழகிக்கொண்டு போங்கள். ஐந்தாந் தரம் சித்தியடைந்த உங்களுக்கு இது புதிதல்ல. சங்கீத சபையின் ஆசிரியர் தரப் பரீட்சையையும் விடாமல் எழுதி முடியுங்கள். பட்டம் கையில் இருந்தாலும் இங்குள்ள பெற்றோர் பிள்ளையை வகுப்பில் விடமுன் கேட்பது அதைத்தான்.

கல்வியியற் கல்லூரி வழி வேறு விதமானது. யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரி கோப்பாயில் இருக்கிறது. விண்ணப்பம் வர்த்தமானியிற் கோரப்படும். இரண்டு வருடம் விடுதியில் தங்கிக் கற்று, மூன்றாம் வருடம் பாடசாலை ஒன்றில் உள்ளகப் பயிற்சி பெற்று, கற்பித்தல் தேசிய டிப்ளோமாவுடன் வெளியேறுவீர்கள். உங்கள் அப்பா சொல்வது இந்த இடத்திற் சரி. டிப்ளோமா முடித்தவர்கள் ஆசிரியர் சேவைக்கு நேராக உள்வாங்கப்படுகிறார்கள். பட்டதாரிகளோ ஆட்சேர்ப்பு அறிவித்தல் வரும்வரை காத்திருந்து போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். நான் பட்டம் பெற்று மூன்று வருடம் காத்திருந்தேன். அந்த மூன்று வருடமும் வீட்டில் வகுப்பு நடத்தினேன். கற்பிக்கக் கற்றது அந்தக் காலத்திற்தான் என்பதால் அதை வீண் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கடினமாக இருந்தது. நியமனம் கிடைத்த பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் செய்ய வேண்டியிருந்தது.

எனக்குக் கேட்டால், உங்களுக்கு ராகத்திலும் இசை வரலாற்றிலும் ஆழமாகப் போக ஆசை இருந்தாற் பல்கலைக்கழகம். பிள்ளைகளோடு இருப்பதே முதல் ஆசை என்றாற் கல்வியியற் கல்லூரி. சேவையிற் சேர்ந்த பிறகும் பட்டம் பெறலாம். உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். பட்டத்தைப் பற்றி நான்கு வரி எழுதினீர்கள். ஒலி பிடிக்காத அந்தத் தம்பியைப் பற்றித்தான் கவலைப்பட்டு எழுதியிருந்தீர்கள்.


மறுமொழி 3
எழுதியவர்: மிருதங்க ஆசிரியர், இணுவில்

தங்கச்சி, வாய்ப்பாட்டு ஆசிரியர்கள் பலர் இலயத்தை எங்களிடம் விட்டுவிடுகிறார்கள். தவில் பிறந்து வளர்ந்த இந்த மண்ணில், யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி வாசித்த மண்ணில், அது நடக்கக் கூடாது. பிள்ளை பாடத் தொடங்கிய அன்றே கையிற் தாளம் வர வேண்டும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தையும் தட்டி, விரலெண்ணி, வீசிப் போடச் சொல்லிவிட்டு, வாயிற் பாட்டு இல்லாமல் அவர்களுடைய பெயரைச் சொல்லிப் போடச் செய்யுங்கள். பிறகு ஒன்றாம் காலத்திலிருந்து இரண்டாம் காலத்துக்குப் போகும்போது கையின் வேகம் மாறுகிறதா என்று பாருங்கள். பத்திற் எட்டுப் பிள்ளைகளுக்கு மாறும். பாட்டுத்தான் இரட்டிக்க வேண்டும், கை அல்ல என்பதை அவர்கள் உடம்பாலே உணர்ந்த பிறகுதான் அலங்காரத்துக்குப் போக வேண்டும்.

உங்கள் அம்மா சொன்ன வீட்டு வகுப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இப்போது இங்குள்ள பல ஆசிரியர்கள் இலண்டனிலும் ரொரன்ரோவிலும் உள்ள பிள்ளைகளுக்கு சூம் மூலம் கற்பிக்கிறார்கள். வருமானம் உண்டு. ஆனால் இலண்டன் நேரம் எங்களுக்கு நாலரை மணித்தியாலமோ ஐந்தரை மணித்தியாலமோ பின்னால்; ரொரன்ரோ ஒன்பதரை, பத்தரை. ரொரன்ரோவிற் பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கு இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். அதனால் வகுப்புகள் வார இறுதிக்கே வரும்; அந்த நாள் ஒன்றும் உங்களுக்கு மிஞ்சாது. தொழில்நுட்பத்தில் இன்னொரு தடை, ஒலி இணையத்திற் பிந்தி வருவதால் இருவரும் சேர்ந்து பாடவோ, நான் வாசிக்க அவர் தாளம் போடவோ முடியாது. ஒருவர் முடித்த பின்தான் மற்றவர். தாளத்தைச் சேர்ந்து போட்டுப் பழகாத பிள்ளை ஐந்து வருடம் கற்ற பின்பும் பக்கவாத்தியத்தோடு இருக்கத் தடுமாறுவதை அவர்கள் கோடை விடுமுறைக்கு இங்கு வரும்போது பார்க்கிறேன். தொடக்கப் பிள்ளையைத் திரைவழி எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. வர்ணம் வரை நேரிற் கற்ற பிள்ளைக்கு அது உதவும்.


மறுமொழி 4
எழுதியவர்: ஒரு தாய், நல்லூர்

நான் சங்கீதம் தெரிந்தவள் அல்ல. என் மகள் இரண்டு ஆசிரியைகளிடம் கற்றாள். முதலாமவர் அருமையாகப் பாடுவார். மகள் பிழைவிட்டால் ‘இது உனக்கு வராது’ என்பார். அவள் வீட்டிற் பாடுவதையே நிறுத்திவிட்டாள். இரண்டாமவர் குரல் உங்களுடையதைப் போலக் கம்மிய குரல்தான். மகள் இப்போது குளிக்கும்போதும் பாடுகிறாள். ஒரு பெற்றோராக எனக்குத் தெரிந்ததை எழுதினேன்.


சுன்னாகம் மாணவி மீண்டும் எழுதியது

எல்லோருக்கும் நன்றி. செய்முறைப் பரீட்சை அறிவித்தலைப் பற்றி எனக்குத் தெரியாமலே இருந்தது. ரீச்சர், உங்கள் ஆறு வாரக் கதையை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அந்தத் தம்பியை என்ன செய்வது என்று மட்டும் தயவுசெய்து சொல்லுங்கள். அவனுக்குக் காது இல்லை என்று அவனுடைய வீட்டிலும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.


மறுமொழி 5
எழுதியவர்: ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை, வலிகாமம்

பிள்ளை, அவனுக்குக் காது இல்லை என்று யாரும் சொல்ல விடாதீர்கள். அம்மா எந்த அறையிலிருந்து கூப்பிடுகிறார், கோபத்திற் கூப்பிடுகிறாரா என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும் அல்லவா? காது வேலை செய்கிறது. கேட்டதற்குத் தொண்டையை எப்படி அசைப்பது என்பதுதான் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

அக்காவிடமிருந்து அவனைப் பிரித்துத் தனியாக இருத்துங்கள். அவள் குரல் பக்கத்தில் இருக்கும் வரை அவன் தன் குரலைக் கேட்க மாட்டான். சரளி வரிசையை மூடி வையுங்கள். அவன் பாடும் அந்த ஒரே ஒலி என்ன கட்டை என்று சுருதிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிக் கண்டுபிடியுங்கள். நீங்கள் உங்கள் கட்டையில் இருக்க அவன் வேறெங்கோ நிற்கிறான். இம்முறை நீங்கள் அவனிடம் போங்கள். அந்தக் கட்டையிற் சுருதியை வைத்து, வாயை மூடி ‘ம்’ என்று இருவரும் சேர்ந்து இழுத்துக்கொண்டிருங்கள். தன் ஒலியும் சுருதியும் ஒன்றாகக் கலப்பதை அவன் முதன்முறையாக நெஞ்சில் உணர்வான். ஒரு காதைக் கையாற் பொத்திப் பாடச் சொன்னால் இன்னும் தெளிவாகக் கேட்கும். பிறகு அரைக் கட்டை ஏற்றுங்கள். அவன் பின்னால் வருகிறானா என்று பாருங்கள். வந்தாற் பாராட்டுங்கள், வராவிட்டால் ஒன்றும் சொல்லாமற் பழைய கட்டைக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஆனால் வாரத்தில் ஒரு நாள் போதாது; அயல்வீடுதானே, நாலு நாள் கூப்பிடுங்கள்.

ஸ்வரத்துக்குத் திரும்பும்போது தேவாரத்தின் வழியாகப் போங்கள். நாம் முதற்பாடமாக வைத்திருக்கும் மாயாமாளவகௌளை ராகத்தில் ஸ ரி க ம என்ற நாலுக்குள் உள்ள இடைவெளிகளே ப த நி ஸ என்ற நாலிலும் திரும்ப வரும். கீழ்ப் பாதியைப் பிடித்த பிள்ளை மேற்பாதியை எளிதிற் பிடித்துவிடும். தேவாரப் பண்களில் ஒன்றான இந்தளத்தை இன்று ஓதுவார்கள் பாடுவதும் இந்த ராகத்திலேதான். கோயிலுக்குப் போகும் பிள்ளை என்றால் அந்த ஒலி அவன் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கும். இந்தளத்தில் அமைந்த பதிகம் ஒன்றின் முதல் இரண்டு அடியை மட்டும், சொற்களை அவன் வாயிற் பழக்கிய பின், ராகத்தோடு சொல்லிக் கொடுங்கள். சொல் தெரிந்தாற் பிள்ளைக்கு ஸ்வரத்தைப் பற்றிய பயம் குறையும்.


சுன்னாகம் மாணவி, மூன்று வாரத்தின் பின்

ரீச்சர், அவன் நின்றது ஆறரைக் கட்டையில். முதல் வாரம் ‘ம்’ மட்டும்தான் செய்தோம். சிரித்துச் சிரித்துச் செய்தான். இரண்டாம் வாரம் ஏழு கட்டைக்கு ஏற்றியபோது வரவில்லை. ஆறுக்கு இறக்கியபோது வந்தான்! ஏற்றுவதை விட இறக்குவது அவனுக்கு எளிதாக இருக்கிறது. நேற்றுப் பதிகத்தின் முதலடியில் மூன்று ஸ்வரங்கள் வெவ்வேறாகக் கேட்டன. ரிஷபம் (ரி) இன்னும் ஷட்ஜத்தோடு (ஸ) ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

கல்வியியற் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இரண்டுக்கும் விண்ணப்பிப்பதென்று அப்பாவும் நானும் முடிவெடுத்தோம். ரிஷபத்தைப் பிரிக்க ஏதாவது வழி இருந்தாற் சொல்லுங்கள்.


மறுமொழி 6
எழுதியவர்: ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை, வலிகாமம்

அந்த ராகத்தின் ரிஷபம் ஷட்ஜத்துக்கு மிக அருகில் இருப்பது, பெரியவர்களுக்கே வழுக்கும். அதை இப்போது விட்டுவிடுங்கள். ஷட்ஜத்திலிருந்து நேரே காந்தாரத்துக்குப் போய், அங்கே அவன் நிலைத்து நின்ற பிறகு, காந்தாரத்திலிருந்து ரிஷபத்துக்கு இறங்கி வரச் செய்யுங்கள். அவனுக்கு இறங்குவது எளிது என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்களே.